பல் உள்வைப்பு: எலும்பும் டைட்டேனியமும் ஒன்றிய வரலாறு

விழுந்த பல்லின் இடத்தில், தாடை எலும்புக்குள் உலோகத் திருகு ஒன்றைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்தும் சிகிச்சை பல் உள்வைப்பு எனப்படும். மருத்துவமனைகளில் இதை இம்ப்ளான்ட் என்றே சொல்கிறார்கள். கழற்றி மாட்டும் பல்செட் ஈறின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பிரிட்ஜ் எனப்படும் பாலம் பக்கத்துப் பற்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உள்வைப்பு மட்டுமே பல்லின் வேர் இருந்த எலும்பையே தனக்கும் பிடிமானமாகக் கொள்கிறது. இன்று நகரங்களின் தெருக்களில் விளம்பரப் பலகை வைத்துச் செய்யப்படும் இச்சிகிச்சையை 1980 வரையில் உலகின் பெரும்பாலான பல் மருத்துவக் கல்லூரிகள் பாடமாகக்கூட ஏற்கவில்லை. உலோகம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதற்கான சான்று அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்திருந்தது. சான்று கிடைத்ததற்கும் அது நம்பப்பட்டதற்கும் இடையே கழிந்த அந்தக் காலமே பல் உள்வைப்பின் வரலாற்றில் முக்கியமான பகுதி.

பல் போனால் எலும்பும் போகும்

பல்லைத் தாங்கும் தாடை எலும்பின் மேல்விளிம்பு பல்லுக்காகவே வளர்வது. பல் போனதும் அதற்கு வேலை இல்லாமல் போகிறது. உடல் அதை மெல்லக் கரைத்துவிடுகிறது. பல் பிடுங்கிய முதல் ஆண்டில் இந்தக் கரைதல் வேகமாக நடக்கும். பிறகு வேகம் குறையும், ஆனால் நிற்காது. முழுப் பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஆன்டியே தால்கிரென், கீழ்த்தாடை விளிம்பின் தேய்வு மேல்தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு என்று 1972-இல் எழுதினார்.

வயதானவர்களின் கன்னம் ஒட்டிப்போவதும், முகவாய் மூக்கை நோக்கி மேலேறி வருவதும் பெரும்பாலும் இதனால்தான். மேல்தாடைப் பல்செட்டுக்கு அண்ணத்தின் பரப்பு பிடிமானம் தருகிறது. கீழே அப்படி ஒரு பரப்பு இல்லை. நடுவில் நாக்கு வேறு அசைந்துகொண்டே இருக்கிறது. ஆகவே எலும்பு தேயத் தேயக் கீழ்ப் பல்செட் மிதக்கத் தொடங்குகிறது. முறுக்கைக் கைவிட்டு, பிறகு இறைச்சியைக் கைவிட்டு, கடைசியில் குழைத்த சோற்றோடு நின்றுவிடும் முதியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பந்தியில் எல்லோர் முன்னும் பல்செட் நழுவிவிடுமோ என்று விசேஷங்களுக்குப் போவதையே தவிர்ப்பவர்களும் உண்டு. பல்லுக்கு எலும்பிலேயே ஒரு பிடி கிடைக்காதா என்ற கேள்வி அழகுக்காக மட்டும் எழுந்ததல்ல.

பழைய முயற்சிகள்

பழங்கால எகிப்தியர்களே பல் உள்வைப்புச் செய்தார்கள் என்று இணையத்தில் அடிக்கடி எழுதப்படுகிறது. இதற்குச் சொல்லப்படும் சான்றுகளில் பல, இறந்த பின் உடலை முழுமையாக்குவதற்காகச் செய்யப்பட்ட வேலைகளாக இருக்கலாம். பிரான்சின் ஷாந்தாம்பர் என்னுமிடத்தில் கிடைத்த உரோமானியர் காலத்து இரும்புப் பல் பற்றியும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது.

இவற்றைவிட உறுதியானது நடு அமெரிக்காவிலிருந்து வந்த சான்று. ஹோண்டுராஸ் நாட்டின் பிளாயா தெ லோஸ் முயெர்த்தோஸ் என்னுமிடத்தில் 1931-இல் ஒரு கீழ்த்தாடைத் துண்டு கிடைத்தது. மாயா நாகரிகத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 600. முன்பற்கள் மூன்றின் இடத்தில் பல் வடிவில் செதுக்கிய கிளிஞ்சல் துண்டுகள் செருகப்பட்டிருந்தன. இதுவும் சாவுக்குப் பின் செய்யப்பட்டது என்றே முதலில் எண்ணினார்கள். பிரேசில் நாட்டுப் பல் மருத்துவப் பேராசிரியர் அமதேயோ போபியோ 1970-இல் அதை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது, கிளிஞ்சல்களைச் சுற்றி எலும்பு இறுகி வளர்ந்திருந்தது தெரிந்தது. இறந்தவர் தாடையில் எலும்பு வளராது. ஆகவே அந்த மனிதர் அந்தக் கிளிஞ்சல் பற்களோடு சில காலமாவது வாழ்ந்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் வேறொரு வழி பரவியது. ஏழைகளின் பல்லைப் பிடுங்கி, சூடு ஆறும் முன்னே செல்வந்தர் வாயில் வைப்பது. இலண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் இதை ஆதரித்தார். மனிதப் பல்லைச் சேவலின் கொண்டையில் நட்டு, அது அங்கே ஒட்டிக்கொண்டதையும் காட்டினார். ஆனால் மனித வாயில் நட்ட பற்கள் பெரும்பாலும் நிலைக்கவில்லை. கிரந்தி போன்ற நோய்கள் இவ்வழியே தொற்றுவதாகப் புகார் எழுந்தது. ஓவியர் தாமஸ் ரோலண்ட்சன் 1787-இல் இந்த வியாபாரத்தைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். பல் கொடுத்த ஏழைச் சிறுவர்கள் வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறும் காட்சி அதில் இருக்கிறது.

உலோகத்தின் முறை 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. பிரான்சில் மஜோலோ என்பவர் 1809-இல் வெளியிட்ட நூலில் தங்க வேர் ஒன்றைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் ஈ. ஜே. கிரீன்ஃபீல்ட் 1913-இல் இரிடியம் கலந்த பிளாட்டினக் கம்பியால் கூண்டு போன்ற உருளை ஒன்றைச் செய்தார். கூண்டின் உள்ளே எலும்பு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். பாஸ்டனில் ஆல்வின் ஸ்ட்ராக், மோசஸ் ஸ்ட்ராக் சகோதரர்கள் 1930-களின் கடைசியில் வைட்டாலியம் எனப்படும் கோபால்ட்-குரோமியக் கலவையில் திருகு செய்து பதித்தனர். எலும்பு முறிவுச் சிகிச்சையில் அந்தக் கலவை நன்றாக இருந்ததைப் பார்த்தே அவர்கள் அதைத் தேர்ந்தனர்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் வடிவங்கள் பெருகின. தாடை எலும்பின்மேல், ஈறுக்கு அடியில் சேணம் போல உட்காரும் சட்டம் வந்தது. சுருள் கம்பி வந்தது. நியூயார்க்கின் லெனர்டு லிங்கோ 1960-களில் கத்தி அலகு போன்ற தட்டையான உள்வைப்பைப் பரப்பினார். இவற்றுள் சில பல ஆண்டுகள் உழைத்ததும் உண்டு. பல, சீழ் பிடித்து, ஆடி, சுற்றியிருந்த எலும்பையும் அரித்துக்கொண்டு வெளியே வந்தன. எத்தனை நிலைத்தன, எத்தனை விழுந்தன என்று முறையாகக் கணக்கு வைத்தவர்கள் மிகக் குறைவு. உள்வைப்புக்குக் கெட்ட பெயர் வந்ததற்குத் தோல்விகள் ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கின்மை இன்னொரு காரணம்.

நார்த்திசு என்ற தவறான நம்பிக்கை

இயற்கைப் பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையில் ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிமனில் ஒரு நார்த்திசு இருக்கிறது. பல் அந்த நார்களில் தொங்குகிறது என்றே சொல்லலாம். மெல்லும்போது ஏற்படும் அதிர்ச்சியை அது தாங்குகிறது. சோற்றில் சிறு கல் கடிபட்டாலும் மூளைக்குச் செய்தி சொல்கிறது.

உலோகத்தை எலும்பில் பதித்தபோது அதைச் சுற்றியும் ஒரு நார்த்திசு வளர்ந்தது. உடல் தனக்கு வேண்டாத பொருளைத் தழும்புத் திசுவால் மூடி ஒதுக்கிவைக்கும் வழி அது. ஆனால் அக்கால மருத்துவர்கள் பலர் அதை இயற்கைப் பல்லின் நார்த்திசுவுக்கு நிகரான ஒன்றாகவே பார்த்தார்கள். உள்வைப்பு கொஞ்சம் ஆடினால் அது நல்லதுதான், பல்லும் அப்படித்தானே ஆடுகிறது என்றார்கள். தோல்வியின் அடையாளத்தையே வெற்றியின் அடையாளமாகக் கொண்டால் திருத்திக்கொள்ள வழி இருக்காது. 1978-இல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் தேசிய நல நிறுவனங்களும் கூட்டிய மாநாடு வகுத்த அளவுகோலில், எத்திசையிலும் 1 மி.மீ.க்குக் குறைவான ஆட்டம் ஏற்கத்தக்கதாகவே இருந்தது. ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு 75 நிலைத்தால் போதும் என்றும் அது வைத்துக்கொண்டது.

கவனிக்கப்படாத இரண்டு கட்டுரைகள்

டைட்டேனியம் 1791-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கண்டறியப்பட்ட தனிமம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கருப்பாக மின்னும் இல்மனைட்டும் அதன் தாதுதான். தாது ஏராளமாகக் கிடைத்தாலும் அதிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது கடினம். வில்லியம் குரோல் கண்டுபிடித்த முறை 1940-களில் தொழிலுக்கு வந்த பிறகே டைட்டேனியம் தாராளமாகப் புழங்கியது.

அந்த 1940-இலேயே போத், பீட்டன், டேவன்போர்ட் ஆகிய மூவர் பல உலோகங்களைப் பூனைகளின் தொடை எலும்பில் பதித்துப் பார்த்து, டைட்டேனியத்தோடு எலும்பு ஒன்றிப்போகும் போக்கு இருப்பதை எழுதினார்கள். 1951-இல் கோட்லீப் லெவன்தால் எலிகளில் டைட்டேனியத் திருகுகளை வைத்தார். 16 வாரம் கழித்துத் திருகைக் கழற்ற முயன்றபோது, ஓர் எலியின் தொடை எலும்பு முறிந்ததே தவிரத் திருகு வரவில்லை. டைட்டேனியம் எலும்பு முறிவுச் சிகிச்சைக்கு மிக ஏற்றது என்று லெவன்தால் முடிவு சொன்னார். பல் மருத்துவ உலகில் அதைப் படித்துத் தொடர்ந்தவர் எவரும் இல்லை.

முயலின் காலில் மாட்டிக்கொண்ட கருவி

பெர் இங்வார் பிரோனமார்க் 1929-இல் சுவீடனின் கார்ல்ஷாம்ன் ஊரில் பிறந்தவர். லுண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். அவர் பல் மருத்துவர் அல்லர். எலும்பு மச்சையில் இரத்தம் எப்படி ஓடுகிறது, எலும்பு தன்னை எப்படிச் சரிசெய்துகொள்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. உயிருள்ள விலங்கின் எலும்புக்குள் சிறு கண்ணறை ஒன்றைப் பதித்து, அதன் வழியே நுண்ணோக்கியால் இரத்த அணுக்கள் ஓடுவதை நேரடியாகப் பார்ப்பது அவர் கையாண்ட முறை. அந்தக் கண்ணறையை எந்த உலோகத்தில் செய்வது என்ற கேள்வி வந்தபோது, லுண்டில் இருந்த எலும்பு மருத்துவர் ஹான்ஸ் எம்னியூஸ் டைட்டேனியத்தைப் பரிந்துரைத்தார்.

1950-களின் தொடக்கத்தில், பொதுவாக 1952 என்று குறிப்பிடப்படும் ஆண்டில், ஆராய்ச்சி முடிந்து முயலின் கால் எலும்பிலிருந்து அந்தக் கண்ணறையைக் கழற்றப் போனார் பிரோனமார்க். விலையுயர்ந்த கருவி, அடுத்த முயலுக்கும் வேண்டும். அது வரவில்லை. எலும்பு அதன் மரைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. லெவன்தால் எலியில் கண்டதும் இதுவே. முந்தையவர்கள் எழுதிவைத்ததோடு நின்ற இடத்திலிருந்து பிரோனமார்க் இது ஏன் நடக்கிறது, எந்த நிலையில் நடக்காமல் போகிறது என்று தேடத் தொடங்கினார். தேடல் பத்து ஆண்டுக்கும் மேல் நீண்டது.

கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகு, தாமாக முன்வந்த மாணவர்களின் மேற்கையில் டைட்டேனியக் கண்ணறைகளைப் பொருத்தி மாதக்கணக்கில் பார்த்தார். அழற்சி ஏற்படவில்லை. நாய்களின் பற்களைப் பிடுங்கி, ஆறிய தாடையில் திருகுகளைப் பதித்து, மேலே பாலம் கட்டி, ஆண்டுக்கணக்கில் அவை கடித்து உண்பதைக் கவனித்தார். முழங்காலுக்கோ இடுப்புக்கோ போகாமல் அவர் பல்லைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. வாயில் வைத்ததைத் தினமும் கண்ணால் பார்க்கலாம், தவறினால் எடுத்துவிடலாம், பல் இல்லாமல் துன்பப்படுகிறவர்களும் ஏராளம்.

திரும்பத் திரும்பச் செய்ததில் சில நிபந்தனைகள் தெளிவாயின. உலோகம் தூய்மையாக இருக்க வேண்டும். காற்றுப் பட்டதுமே டைட்டேனியத்தின்மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடுப் படலம் உருவாகிறது; எலும்பு உண்மையில் தொடுவது அந்தப் படலத்தைத்தான். எலும்பைத் துளைக்கும்போது அது சூடேறக் கூடாது. ஆகவே கூர்மையான துளைக்கருவியை மெதுவாகச் சுழற்றி, உப்புநீரை ஊற்றிக்கொண்டே துளைக்க வேண்டும். எலும்பு 47 டிகிரி செல்சியசில் ஒரு நிமிடம் இருந்தாலே கெடத் தொடங்கும் என்பதை இவரது குழுவினர் பின்னர் 1983-இல் அளந்து காட்டினர்.

எல்லாவற்றிலும் கடினமான நிபந்தனை காத்திருப்பது. திருகு பதித்த புதிதில் அதைப் பிடித்திருப்பது வெறும் மரையின் இறுக்கம். முதல் சில வாரங்களில் துளையின் ஓரத்துப் பழைய எலும்பு கரைகிறது. புது எலும்பு அந்த இடத்தில் மெல்ல உருவாகிறது. இந்த இடைவெளியில் கடித்து அசைத்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். பழைய உள்வைப்புகள் பெரும்பாலும் தோற்றது இங்கேதான். பதித்த சில நாள்களிலேயே அவற்றின்மேல் பல்லைக் கட்டிவிட்டார்கள். பிரோனமார்க் திருகைப் பதித்து, ஈறை அதன்மேல் மூடித் தைத்தார். கீழ்த்தாடையில் 3 முதல் 4 மாதம், எலும்பு மென்மையான மேல்தாடையில் 5 முதல் 6 மாதம் அப்படியே விட்டார். அதன் பிறகே ஈறைத் திறந்து பல்லைக் கட்டினார். பல்லுக்காக அரை ஆண்டு காத்திருக்கச் சொல்லும் மருத்துவரை நோயாளிகள் ஏற்பார்களா என்ற ஐயம் அப்போது இயல்பானதே.

யோஸ்தா லார்சன்

1965-இல் அவரிடம் சிகிச்சைக்கு ஒத்துக்கொண்ட முதல் மனிதர் யோஸ்தா லார்சன். பிறவியிலேயே அண்ணப் பிளவும் தாடைக் குறைபாடும் உள்ளவர். கீழ்த்தாடையில் பல்லே இல்லை. உண்பதும் பேசுவதும் துன்பமாக இருந்தது. அவருடைய கீழ்த்தாடையில் நான்கு டைட்டேனியத் திருகுகள் பதிக்கப்பட்டன; ஆறிய பின் அவற்றின்மேல் பற்கள் கட்டப்பட்டன. லார்சன் 2006-இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுக்கும் மேலாக, அத்திருகுகள் அவர் வாயில் இருந்தன.

இந்த முதல் வெற்றியைப் பார்த்து முறை முழுமையாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. தொடக்க ஆண்டுகளில் தோல்விகள் கணிசமாக இருந்தன. திருகின் வடிவமும் அறுவை முறையும் பலமுறை மாற்றப்பட்டன. வேறுபாடு என்னவென்றால், சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் அவர்கள் பதிவேட்டில் வைத்து, ஆண்டுதோறும் கூப்பிட்டு, எக்ஸ்-ரே எடுத்து, விழுந்தவற்றையும் எழுதிவைத்தார்கள்.

சுவீடனில் எதிர்ப்பு

முதல் எதிர்ப்பு சொந்த நாட்டிலிருந்து வந்தது. பல் மருத்துவர் அல்லாத ஓர் உடற்கூற்றியல் ஆய்வாளர் வாயில் உலோகத்தை நடுகிறார் என்பதே பலருக்கு எரிச்சலூட்டியது. உள்வைப்புகளின் பழைய தோல்விகளைப் பார்த்தவர்களின் ஐயத்தில் நியாயமும் இருந்தது. 1969-இல் அவர் பேசிய ஒரு கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, ரீடர்ஸ் டைஜஸ்ட் போன்ற வெகுஜனப் பத்திரிகையில் தம்மைப் பற்றி வரவிடுகிறவர்களைத் தாம் நம்புவதில்லை என்றார். அந்தப் பேராசிரியரின் பெயர் பல்குச்சி விளம்பரத்தில் வந்திருந்தது. பல்குச்சிப் பெட்டியின் பின்புறத்தில் விளம்பரம் ஆகிறவர்களைத் தாமும் நம்புவதில்லை என்று பிரோனமார்க் பதில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. கூட்டம் சிரித்திருக்கும், சண்டை தீரவில்லை. 1970-களின் நடுப்பகுதியில் சுவீடன் அரசின் நலவாரியம் வெளியிலிருந்து வல்லுநர்களை வைத்து அவருடைய நோயாளிகளைப் பரிசோதித்த பிறகே உள்நாட்டில் இந்த முறைக்கு ஏற்பு கிடைத்தது.

அவருடைய குழு 1970-களின் பிற்பாதியில் இந்த நிகழ்வுக்கு ஆசியோஇன்டெக்ரேஷன் என்று பெயர் வைத்தது. தமிழில் எலும்பிணைவு எனலாம். சுமை தாங்கும் உள்வைப்பின் பரப்பும் உயிருள்ள எலும்பும், நடுவில் வேறு திசு இல்லாமல், ஒளி நுண்ணோக்கியில் பார்க்கும் அளவில் நேரடியாகத் தொட்டிருப்பது என்பது அதன் வரையறை.

எதிர்ப்பாளர்களுக்கு இங்கே ஒரு வலுவான கேள்வி இருந்தது. உலோகமும் எலும்பும் சேர்ந்த துண்டை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் காட்டினால்தானே நம்பலாம்? அக்காலத்து வழக்கமான முறைகளில் எலும்பை முதலில் அமிலத்தில் மென்மையாக்குவார்கள். உலோகத்தை எடுத்துவிட்டுத்தான் சீவ முடியும். எடுக்கும்போதே தொடர்பு அறுந்துவிடும். இதற்கு விடை சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. பேர்ன் நகரின் ஆந்த்ரே ஷ்ரோடர், ஸ்ட்ராமன் நிறுவனத்தோடு சேர்ந்து தனியாக உள்வைப்பு ஆய்வு செய்துகொண்டிருந்தார். எலும்பை மென்மையாக்காமல், உலோகத்தோடு சேர்த்தே அறுத்துத் தேய்க்கும் முறையில், எலும்பு டைட்டேனியத்தை நேராகத் தொட்டு நிற்பதை 1976-இல் படமாகவே காட்டினார். வரலாற்றை எழுதுகிறவர்கள் பிரோனமார்க்கைக் கொண்டாடும் அளவுக்கு ஷ்ரோடரைக் கொண்டாடுவதில்லை.

டொராண்டோ, 1982

கோத்தன்பர்க் குழு 1981-இல் தன் 15 ஆண்டுக் கணக்கை வெளியிட்டது. 1965 முதல் 1980 வரை, பல்லே இல்லாத 371 பேரின் 410 தாடைகளில் 2768 திருகுகள். வந்தவர்களில் தேர்ந்தெடுக்காமல், வந்த வரிசையிலேயே எல்லோரையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். முறை நிலைபெற்ற பின் சிகிச்சை பெற்று, 5 முதல் 9 ஆண்டுகள் கவனிக்கப்பட்ட பிரிவில், மேல்தாடைத் திருகுகளில் 81 விழுக்காடும் கீழ்த்தாடையில் 91 விழுக்காடும் நிலைத்திருந்தன. ஒன்றிரண்டு திருகு போனாலும் மற்றவை பாலத்தைத் தாங்கியதால், கீழ்த்தாடைப் பாலங்கள் அத்தனையும் தொடர்ந்து பயன்பாட்டில் இருந்தன. தோல்விகளை மறைக்காத இந்த அட்டவணைகள் நாய்ப் பரிசோதனைகளைவிட அதிகமாகப் பேசின.

டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் சார்ப், மால்ட்டாவில் பிறந்தவர், சுவீடன் முறையைத் தம் நோயாளிகளிடம் 1979 முதல் செய்துபார்த்து அதே முடிவைப் பெற்றிருந்தார். ஓர் ஆய்வுக்கூடத்தின் முடிவு இன்னோர் ஆய்வுக்கூடத்திலும் வருகிறதா என்பதே அறிவியலில் முதல் கேள்வி. சார்ப் 1982 மே மாதம் வட அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளின் பேராசிரியர்களை டொராண்டோவுக்கு அழைத்து மாநாடு நடத்தினார். முயலின் காலில் கருவி மாட்டிக்கொண்டு முப்பது ஆண்டு ஆகியிருந்தது. அந்த மாநாட்டுக்குப் பின் பல்கலைக்கழகங்கள் இம்முறையைப் பாடத்தில் சேர்க்கத் தொடங்கின.

1986-இல் ஆல்பிரக்ட்சன், சார்ப் முதலானோர் வகுத்த புதிய அளவுகோலை 1978-இன் அளவுகோலோடு ஒப்பிட்டால் மாற்றம் விளங்கும். உள்வைப்பு சிறிதும் ஆடக் கூடாது. முதல் ஆண்டுக்குப் பின் சுற்றெலும்பின் தேய்வு ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 85 விழுக்காடும் பத்தாம் ஆண்டில் 80 விழுக்காடும் நிலைத்திருக்க வேண்டும்.

இந்தியர்களுக்கு வியப்பளிக்கும் ஒரு செய்தி இங்கே உண்டு. பிரோனமார்க்கின் திருகுகளை வணிக அளவில் செய்ய முன்வந்த நிறுவனம், பின்னாளில் இந்திய அரசியலைக் கலக்கிய அதே போஃபர்ஸ். பீரங்கி செய்தவர்களுக்கு உலோகத்தைத் துல்லியமாகக் கடையும் திறன் இருந்தது. 1978-இல் தொடங்கிய இந்தக் கூட்டிலிருந்து நோபெல்ஃபார்மா என்ற நிறுவனம் உருவாகி, பின்பு நோபெல் பயோகேர் ஆனது.

பிறகு நடந்தவை

முறை வெளியே பரவியதும் பிரோனமார்க்கின் விதிகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. கடைந்த வழவழப்பான பரப்புக்குப் பதில், மணல் வீசி அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்கிய பரப்பில் எலும்பு விரைவாகப் பற்றுகிறது என்று தெரிந்ததும் காத்திருக்கும் காலம் குறைந்தது. ஈறை மூடித் தைக்காமல் ஒரே அறுவையில் முடிக்கலாம் என்பதை ஷ்ரோடர் குழுவினர் காட்டியிருந்தனர். லிஸ்பனில் பவுலோ மாலோ 1990-களின் கடைசியில், பின்பக்கத் திருகுகளைச் சாய்வாக வைத்து, ஒரு தாடைக்கு நான்கே திருகுகளில் முழுப் பல்வரிசையையும் உடனே கட்டும் முறையை உருவாக்கினார். திருகுகள் தொடக்கத்திலேயே இறுக்கமாகப் பிடித்து, பாலத்தால் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தால் உடனே பல் வைத்தாலும் எலும்பு ஒன்றும். தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிறு சி.டி. கருவிகள் வந்த பிறகு கீழ்த்தாடை நரம்பையும் மேல்தாடைச் சைனஸ் அறையையும் முன்கூட்டியே அளந்து திட்டமிட முடிந்தது.

விலை மட்டும் எளிதில் இறங்கவில்லை. எல்லோருக்கும் நான்கு, ஆறு திருகுகள் இயலாது என்ற நிலையில், 2002-இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் நடைமுறைக்கு ஏற்ற ஒரு முடிவைச் சொன்னார்கள். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு திருகுகளில் பொத்தான் போல மாட்டிக்கொள்ளும் பல்செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது அது. மிதக்கும் பல்செட்டோடு போராடுகிறவருக்கு அந்த இரண்டு திருகுகளே பெரிய மாற்றம்.

பல்லோடு இது நிற்கவும் இல்லை. கோத்தன்பர்க்கில் ஆன்டர்ஸ் ஷெல்ஸ்ட்ரோம் 1977-இல் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் டைட்டேனியத் திருகைப் பதித்து, எலும்பின் வழியே ஒலியைக் கடத்தும் கேட்புக்கருவியைப் பொருத்தினார். பிரோனமார்க்கின் மகன் ரிக்கார்டு, கால் இழந்தவர்களின் தொடை எலும்பிலேயே செயற்கைக் காலை மாட்டும் சிகிச்சையை 1990 முதல் வளர்த்தார். தந்தை பிரோனமார்க்கு 2011-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் வாழ்நாள் சாதனை விருது கிடைத்தது. 2014 டிசம்பரில் கோத்தன்பர்க்கில் காலமானார்.

எலும்பிணைவு கிடைத்துவிட்டால் திருகு சாகும்வரை இருக்கும் என்று விளம்பரங்கள் சொல்வது உண்மையின் ஒரு பாதிதான். இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் குறுக்காகப் புகுந்து, வாயின் கிருமிகளுக்கு வேலியாக நிற்கின்றன. டைட்டேனியத்தில் அந்த நார்கள் புக இடமில்லை. பக்கவாட்டில் படிந்து நிற்கின்றன. சரியாகத் துலக்காத வாயில் அழுக்கு படிந்து, ஈறு வீங்கி, கிருமி கீழிறங்கினால் திருகைச் சுற்றியுள்ள எலும்பு கரையத் தொடங்குகிறது. பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் எனப்படும் இந்நோயில் தொடக்கத்தில் வலி இருக்காது. புகைப்பவர்களுக்கும், கட்டுப்படாத நீரிழிவு உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே ஈறு நோயால் பல் இழந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம்.

இதன் பரவலை அளந்த பெரிய ஆய்வுகளில் ஒன்றும் சுவீடனிலிருந்தே வந்தது. நாட்டின் காப்பீட்டுப் பதிவேட்டிலிருந்து நோயாளிகளைத் தேர்ந்து, சிகிச்சை முடிந்து 9 ஆண்டு கழித்துப் பரிசோதித்த டெர்க்ஸ் குழு 2016-இல் முடிவுகளை வெளியிட்டது. இரத்தக் கசிவோடு 0.5 மி.மீ.க்கு மேல் எலும்பு தேய்ந்திருப்பதை நோய் என்று கொண்டால் 45 விழுக்காட்டினருக்கு அது இருந்தது, 2 மி.மீ.க்கு மேல் தேய்ந்திருந்தவர்கள் 14.5 விழுக்காடு. அவர்களில் பலருக்குத் திருகு இன்னும் ஆடாமல் நின்றது. நோய் இருப்பது எக்ஸ்-ரேயும் ஈறை அளக்கும் கம்பியும் காட்டித்தான் தெரியவேண்டியிருந்தது.